கயிறு கட்டிய போத்தல்கள்

போன மாதம் ஒரு நாள் பத்து மணி போல இரண்டு பெண் பிள்ளைகள் என் படலையைத் தட்டினார்கள். கழுத்தில் கந்தோர் அடையாள அட்டை தொங்கியது. ஊருக்கு ஊர் புதிதாக மீள்சுழற்சிக் குழுக்கள் தொடங்குகிறார்களாம். அந்தக் குழுக்காரருக்கு நான் ஒரு நாள் வந்து பேச வேண்டுமாம்.

“சாக்க எப்பிடிப் பாக்கிற, எத எடுக்கிற, எத எடுக்கப்படாது, அதெல்லாம் உங்களுக்குத்தான் ஐயா தெரியும்” என்றாள் மூத்தவள்.

இருக்க வைத்துப் பிளேன்டீ போட்டுக் கொடுத்தேன். மின்சார வாசிப்பு எடுக்க வருகிறவனைத் தவிர இந்த வீட்டுக்குள் ஆள் கால் வைத்து ஒரு மாதத்துக்கு மேல் இருக்கும். வந்தவர்களை விடுவேனா? மகள் கொழும்பில் இருக்கிறாள், மனைவி போய் நாலு வருடமாகிறது, முருங்கை இம்முறை காய்க்கவில்லை என்று அவர்கள் கேட்காத கதை எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். இளையவள் இரண்டு தரம் போனைத் திருப்பி நேரம் பார்த்தாள். பாவம், அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

வருகிறேன் என்று சொல்லித்தான் அனுப்பினேன். அவர்கள் ஒழுங்கை முனையில் திரும்பும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்ற பிறகுதான் யோசனை வந்தது. சாக்குப் பார்க்கச் சொல்லிக் கொடுக்க எனக்கு என்ன தகுதி? ஒரு சாக்கை நான் பிழையாகப் பார்த்தேன். அதன் பிறகு ஒரு பொய்யும் சொன்னேன். அந்தக் கதையை விழுங்கிக்கொண்டு பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேச எனக்கு வாய் வராது. அதனால் முதலில் எழுதி வைக்கிறேன்.

புளியந்தீவில், வாவிக்கரையில் முடிகிற ஒரு ஒழுங்கையின் கடைசியில், பழைய சாமான் வாங்குகிற ஸ்டோரில் இருபத்தாறு வருடம் தராசடியில் நின்றவன் நான். அதற்கு முன்னம் சைக்கிளில் போத்தல், பேப்பர் எடுத்துத் திரிந்தேன். காத்தான்குடி, ஏறாவூர் எல்லாம் உழக்கியிருக்கிறேன். அந்தக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயில், நாய், பின் கரியரில் ஆளுயரத்துக்குச் சாக்கு. அவ்வளவுதான்.

இந்தத் தொழிலில் ஒரு தனிமை இருக்கிறது. அதைச் செய்தவனுக்குத்தான் தெரியும். சனம் சாமானைத் தரும்போது நம் முகத்தைப் பார்க்காது. வேண்டாத சாமானைக் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவப் போகிற அவசரம் அவர்களுக்கு. ஊரில் எந்த வீட்டில் என்ன குடிக்கிறார்கள், எந்த வீட்டில் பிள்ளை பிறந்திருக்கிறது, யாருக்கு என்ன வருத்தம் என்பதெல்லாம் சாக்கை அவிழ்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த வீட்டுக் கலியாணத்துக்கு எனக்குச் சொல்லமாட்டார்கள். ஆரம்பத்தில் கோபம் வந்தது, பிறகு பழகிவிட்டது. பழகிவிட்டது என்று சொல்வதும் பாதி பொய்தான்.

ஸ்டோர் முதலாளி காத்தான்குடிக்காரர். நாங்கள் ஹாஜியார் என்போம். ஒல்லியான உடம்பு, வெள்ளைத் தொப்பி, சத்தம் போட்டுப் பேசத் தெரியாத மனிதர். ஸ்டோருக்குள் அவர் ஒரு நாளும் கதிரையில் இருந்து நான் காணவில்லை. கறள் பிடித்த ஒரு தகரத்தைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தவனையும் “வாங்க, வாங்க” என்றுதான் வரவேற்பார். கையை நீட்டித் தானே இறக்குவார். முகம் பார்த்துச் சாமான் வாங்கிய ஆள் என்றால் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

என்னை வேலைக்கு எடுத்த முதல் கிழமை, நான் ஒரு சாக்கின் வாயை அவிழ்க்கப் போனேன். கையைப் பிடித்து நிறுத்தினார்.

“யோகம், வாயால அவுக்காத. அடியால அவுழு.”

“ஏன் ஹாஜியார்?”

“வாயில கிடக்கிறது உனக்குக் காட்டுறதுக்கு வச்சது. அடியில கிடக்கிறதுதான் சாக்கு.”

அன்றிலிருந்து நான் சாக்கை அடித் தையலால்தான் பிரித்தேன். கல், ஈரமண், தண்ணீர் ஊற்றிய கார்ட்போட் எல்லாம் அடியில்தான் இருக்கும். பிறகு தரம் பிரிப்பு. பிளாஸ்டிக்கை நகத்தால் சுண்டினால் சத்தத்தில் இனம் பிடிபடும். தெரியாவிட்டால் ஒரு துண்டை வெட்டித் தண்ணீர் வாளியில் போடுவோம். ஒரு இனம் மிதக்கும், ஒரு இனம் தாழும். எரித்து மணந்து பார்க்கிற பழக்கம் வேறு ஸ்டோர்களில் இருந்தது, ஹாஜியார் விடமாட்டார். “நெஞ்சு கெட்டுப் போயிடும், வாப்பா” என்பார். போத்தல் என்றால் மூடியைக் கழற்றி, தாளை உரித்து, காலால் மிதித்துத் தட்டையாக்கிப் பிறகுதான் குவியலில் போட வேண்டும்.

இவற்றையெல்லாம்விட அவர் கண்டிப்பாக வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. கட்டின சாமானை உடனே எடுக்கக் கூடாது. கயிறு, கம்பி, பூட்டு, எது கட்டியிருந்தாலும் சரி. அதை அப்படியே ஒழுங்கைப் பக்கத்து வேலியில் தொங்கவிட்டு ஒரு கிழமை வைக்க வேண்டும். போகிற வாற சனம் பார்க்கும். உடையவன் இருந்தால் வருவான்.

“குப்பை எண்டு ஒண்டும் இல்ல யோகம். உடையவன் விட்ட சாமான் இரிக்கி, உடையவன் விடாத சாமான் இரிக்கி. ஒருத்தன் மெனக்கெட்டு ஒரு கயிறக் கட்டினான் எண்டா, அவன் அத விடல்ல.”

வேலியில் சைக்கிள் பம்ப், வாளி, ஒரு முறை பாட்டுப் போடுகிற ஒலிபெருக்கிக் குழல்கூடத் தொங்கியது. பாதிக்கு மேல் ஆள் தேடி வந்து கொண்டு போனார்கள். ஊர்ச் சனம் எங்கள் வேலியைப் பார்த்துச் சிரிக்கும். ஹாஜியார் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஏழு வருடத்துக்கு முன்னம் எங்கள் பகுதியில் முதலாவது மகளிர் மீள்சுழற்சிக் குழு தொடங்கியது. ஜெயந்தி என்ற பிள்ளை தலைவி. படுவான்கரையில் வயல் செய்கிற குடும்பத்தில் பிறந்து, புளியந்தீவில் வாழ்க்கைப்பட்டவள். வயல் வட்டையும் வரம்பும் தெரியும், ஆறு தெரியாது. வாவி என்று எழுதுகிறோம், எங்கள் பேச்சில் அது ஆறுதான். குழுவில் இருந்த மற்றப் பதினொரு பேரும் கடை வேலை, வீட்டு வேலை என்று இருக்கிற பெண்கள். அவர்களுக்கு அது புது உற்சாகம். வீடு வீடாகப் போய்ப் பிரித்து எடுத்து, கழுவிக் காய வைத்துக் கொண்டுவந்து தருவார்கள். என்னை அண்ணன் என்பார்கள். ஜெயந்தி சில நாள் ரொட்டி கொண்டுவருவாள். எனக்கு அது பெரிய விசயம். தராசடியில் என்னோடு நின்று கதைக்கிற ஆட்கள் அதற்கு முன்னம் எனக்கு இருக்கவில்லை.

மாரி தொடங்கி மூன்றாம் நாலாம் மழை கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெள்ளம் வந்தால் வடிகான்கள் அடைத்துக்கொள்ளும் என்று ஆற்றங்கரை துப்புரவு செய்கிற சிரமதானம் வைத்தார்கள். ஜெயந்தியும் இன்னும் மூன்று பேரும் இரவல் தோணி ஒன்றில் ஏறி, கரைத் தண்ணீருக்குள் நிற்கிற கிண்ணை மரங்களுக்கு அப்பால் மிதந்த குப்பையையும் அள்ளினார்கள். கோலூன்றித் தோணியைத் தாங்கிய ஆள் கரையூர்ப் பக்கத்து ஆள்தான். அவனே சொல்லியிருக்கிறான், “உது சாமித்தம்பியண்ணன்ட பக்கம். அவர் மிதப்புப் போடாத மனுசன். உதெல்லாம் ஊத்தைதான், அள்ளுங்க” என்று.

சாமித்தம்பி அண்ணன் எங்கள் ஒழுங்கையில் இருந்தவர். மனைவி இல்லை. மகள் கதிரவெளியில் கலியாணம் செய்து அங்கேயே இருந்தாள். எழுபதைத் தாண்டியும் விடியப்புறம் தனியே தோணி எடுப்பார். ஆற்றின் அடியில் நண்டுக்கூடு வைக்கிறதுதான் அவர் தொழில். மற்றவர்கள் கூட்டுக் கயிற்றின் நுனியில் ஒரு போத்தலோ நுரைத்துண்டோ கட்டி மிதக்க விடுவார்கள், திரும்ப வந்து எடுக்கக் குறி அது. இவருக்கு அது தேவையில்லை. ஒரு பக்கம் தேவாலயக் கோபுரம், மறுபக்கம் ஒற்றைப் பனை, இரண்டையும் கண்ணால் நேர் பிடித்து, கொக்கியை இறக்கினால் கூடு வரும். மிதப்பு இல்லாததால் களவும் போகாது. “சாமித்தம்பிக்கு ஆத்துக்கு அடியில கண்” என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டால் மனிதருக்கு முகம் மலரும்.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சாக்குகள் வந்தன. பதினெட்டுச் சாக்கு. படம் எடுக்க யாரோ கந்தோர் ஆட்கள் வந்து நின்றார்கள். பெண்கள் நனைந்து, சேறு அப்பி, சிரித்துக்கொண்டு நின்றார்கள். ஹாஜியார் ஊரில் இல்லை, லொறியோடு கொழும்புப் பக்கம் போயிருந்தார். நான்தான் எல்லாம்.

ஒரு சாக்கை அடியால் அவிழ்த்தேன். வெள்ளைப் போத்தல்கள். எல்லாம் ஒரே இனம், ஒரே உயரம், மேலே ஊத்தை பிடித்த பழைய தாள், ஒவ்வொன்றின் கழுத்திலும் நைலோன் கயிறு. மறுமுனை கத்தியால் அறுத்திருந்தது. எண்ணவில்லை, பிறகு தெரிந்தது இருபத்திரண்டு.

ஜெயந்தி குனிந்து பார்த்தாள். “அண்ணன், கயிறோட கிடக்கு. இழுக்க வரல்ல, அறுத்துத்தான் எடுத்தம். பரவால்லயா?”

“குப்பையில கயிறு இல்லாமக் கிடக்குமா?” என்றேன் நான்.

அந்த வார்த்தையை இன்றைக்கும் என் காது விடவில்லை. இருபது வருடத்துக்கு மேல் குப்பை பார்த்தவன் நான். குப்பை ஒருபோதும் ஒரே மாதிரி வராது. ஒரே மாதிரி இருபத்திரண்டு போத்தல் என்றால் ஒருவன் தேடிப் பொறுக்கிச் சேர்த்திருக்கிறான். என் கைக்கு அது தெரிந்தது. ஆனால் படம் எடுக்கிறவன் “ஐயா, இஞ்ச பாருங்க” என்றான். பெண்கள் எல்லாரும் என்னைச் சுற்றி நின்றார்கள். அத்தனை பேர் நடுவில் நான் ஒரு நாளும் நின்றதில்லை. வேலியில் தொங்கவிடவில்லை. கத்தியை எடுத்துக் கயிறுகளை அறுத்து வேலிப் பக்கம் எறிந்துவிட்டு, போத்தல்களை மிதிக்கச் சொன்னேன்.

திங்கட்கிழமை விடிய, நான் ஸ்டோரைத் திறந்து கொஞ்ச நேரத்தில் சாமித்தம்பி அண்ணன் படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

“தம்பி, நேத்து ஆத்தில பொறுக்கினதில கயிறு கட்டின போத்தில் ஏதும் வந்ததா?”

“ஆர்ர போத்தில் அண்ணன்?”

“நமக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன்ட. கூடு வச்சவனாம்.”

ஓம் என்றால் சட்டத்தை மீறியது ஹாஜியாருக்குப் போகும். குழுவின் முதல் சிரமதானமே கெட்ட பெயராகப் போகும். ஜெயந்தி நாளைக்கு ரொட்டியோடு வரமாட்டாள். இதெல்லாம் ஒரு மூச்சுக்குள் ஓடியது. எவனோ ஒரு பொடியன், இரண்டு மூன்று கூடு போனால் போகட்டும் என்று நினைத்தேன்.

“இல்லையே அண்ணன். அப்பிடி ஒண்டும் வரல்ல” என்றேன்.

அவர் “சரி தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று பகல் மழை. ஆற்றில் தண்ணீர் நிரம்பி அசையாமல் நின்றது. செவ்வாயும் மழை. வயல் பக்கம் வெள்ளம் ஏறிப் பயிர் அழியப் போகிறது என்று, செவ்வாய் பின்னேரம் முகத்துவாரத்தில் மண் மேட்டை வெட்டிவிட்டார்கள். அதை வெட்டினால் இந்த ஆறு வேறு ஆறாகிவிடும். நிரம்பிய தண்ணீர் முழுக்கக் கடலுக்கு இழுக்கும். கல்லடிப் பாலத்தடியில் நின்று பார்த்தால் மரக்கிளைகூட நிற்காமல் ஓடும்.

புதன் காலை ஹாஜியார் வந்தார். லொறியால் இறங்கியதும் வழமை போல வேலியோரம் நடந்தார். குனிந்து கயிற்றுத் துண்டுகளை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“இது என்ன யோகம்?”

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொன்னேன். திங்கட்கிழமைக் கதையைச் சொல்லவில்லை.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். கயிற்றுத் துண்டுகளை ஒவ்வொன்றாக எண்ணித் தன் சட்டைப் பைக்குள் வைத்தார். “இருபத்திரண்டு கூடு ஒரு மனுசனுக்குப் பிழைப்புடா” என்றார். அவர் என்னை டா போட்டது அந்த ஒரு முறைதான். “போ. ஆர்ர எண்டு தேடு. தேடிட்டு வா.”

தேடத் தேவைப்படவில்லை. ஜெயந்தியைக் கூட்டிக்கொண்டு, எந்தப் பொடியன் என்று கேட்கச் சாமித்தம்பி அண்ணன் வீட்டுக்குத்தான் முதலில் போனேன். அவர் வாசலில் இருந்தார். திங்கட்கிழமைப் பொய்யைத் தொடாமல், போத்தல்கள் அகப்பட்டதை மட்டும் சொன்னதும் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“பொடியன் இல்ல. என்டதான்.”

“நீங்க மிதப்புப் போடமாட்டீங்களே அண்ணன்” என்றாள் ஜெயந்தி.

“இப்ப போடுறன், புள்ள.”

அவர் தோணியில் மூவரும் போனோம். ஜெயந்தி முன்னணியத்தில் இருந்தாள், நான் நடுவில், அவர் பின்னால் கோலூன்றினார். ஜெயந்தி அழுகிற குரலில் இடம் காட்டினாள். கிண்ணை முனையிலிருந்து உடைந்த துறை வரைக்கும் ஒரு வரிசையாக எடுத்தோம் என்றாள். ஆனால் தண்ணீர் இரண்டு முழம் இறங்கிவிட்டது. கரை வேறு கரையாகத் தெரிந்தது. கொக்கியை இறக்கி இறக்கி இழுத்தோம். சேறும் பாசியும்தான் வந்தன.

“அண்ணன், உங்கட குறியப் பாருங்க. கோபுரத்துக்கும் பனைக்கும் நேர் பிடிச்சா அகப்படுமே” என்றேன்.

அவர் கோலை ஊன்றிக்கொண்டு கரையைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கோபுரம் அவருக்கு இடக்கைப் பக்கம், வெட்டவெளியில் நிற்கிறது. அவர் வலப்பக்கம் திரும்பி நின்றார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெள்ளைப் போத்தல் ஏன், எல்லாம் ஒரே உயரம் ஏன், பொடியன்ட என்று ஏன் சொன்னார் என்பதெல்லாம் ஒன்றாக வந்து நின்றது. கரை அவருக்குத் தெரியவில்லை. கிட்டப் போனால் வெள்ளையாய் ஒன்று மினுங்கும், அதைப் பிடித்துத்தான் எத்தனை மாதமோ தொழில் செய்திருக்கிறார். கண்ணில்லாதவர் என்று தெரிந்தால் மகள் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவாள், மீன்பிடிச் சங்கமும் தனியே ஆற்றில் விடாது. அதனால் மினுங்குகிற போத்தலிலும் பழைய தாளை ஒட்டி, ஊத்தை போல விட்டு வைத்திருக்கிறார். பார்க்கிறவன் குப்பை என்று நினைக்க வேண்டும் என்று. நாங்களும் அப்படியே நினைத்தோம்.

என் முகம் அவருக்குத் தெரியாது. நான் கொக்கியை இழுக்காமல் நிறுத்தியது தெரிந்திருக்க வேண்டும். ஜெயந்திக்குக் கேட்காமல் குனிந்து சொன்னார்.

“ஒருத்தருக்கும் சொல்லாதீங்க தம்பி.”

“சொல்லமாட்டன்” என்றேன்.

பொழுது சாயும் வரைக்கும் தேடி இரண்டு கூடுதான் அகப்பட்டது. ஒன்று நசுங்கியிருந்தது. மற்றதில் ஐந்து நண்டு, உள்ளேயே செத்து நாறியிருந்தன. அவர் கையை உள்ளே விட்டு ஒவ்வொன்றாக எடுத்துத் தண்ணீரில் போட்டார். அந்தக் கூட்டைத் தடவிக்கொண்டே கரைக்கு வந்தார். மிச்சம் இருபதும் இழுவையோடு கடலுக்குப் போயிற்றோ சேற்றில் புதைந்ததோ, யாருக்குத் தெரியும்.

ஹாஜியார் புதுக் கூடு கட்டித் தருகிறேன் என்று தானே வீட்டுக்குப் போய்க் கேட்டார். சாமித்தம்பி அண்ணன் வேண்டாம் என்றுவிட்டார். வயதும் போயிற்று, போதும் என்றார். ஒரு மாதத்துக்குள் மகள் வந்து கதிரவெளிக்குக் கூட்டிப் போனாள். தோணியை ஒரு ஆளுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஊர் என்ன சொல்லும்? குப்பை பொறுக்கிற பெண்கள் ஒரு கிழவனின் பிழைப்பைப் பொறுக்கிவிட்டார்கள் என்று சொன்னது. சந்தையில் ஜெயந்தியின் முகத்துக்கு நேரே சொன்னார்கள். குழுவில் நாலு பேர் விலகினார்கள். ஒரு நாள் சாக்கை இறக்கி வைத்துவிட்டு அவள் என்னிடம் கேட்டாள்.

“அண்ணன், அண்டைக்கு நான் கேட்டனான்தானே? கயிறு கிடக்கு, பரவால்லயா எண்டு.”

“ஓம், கேட்டாய்.”

அவள் வெறும் சாக்கை மடித்துக்கொண்டு போனாள். ரொட்டி கொண்டுவருவது நின்றுபோயிற்று. குழு நிற்கவில்லை, அவள் கெட்டிக்காரி, இன்றைக்கும் நடத்துகிறாள். இப்போது அவர்கள் கட்டின சாமானைத் தொடுவதே இல்லை. என்னைக் கண்டால் “சுகமா?” என்று கேட்பாள், அவ்வளவுதான்.

ஊருக்கு உண்மையைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருந்தது, சொல்லாமல் விடவும் ஒரு சாட்டு இருந்தது. போத்தலை ஏற்றது நான்தான் என்று சொல்லலாம். ஆனால் சொன்னால், அவர் ஏன் மிதப்புப் போட்டார் என்று கதை அங்கே போகும். கண் விசயத்தைச் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். இந்த வாக்கை ஒரு போர்வையாகப் போர்த்திக்கொண்டு என் பொய்யையும் அதற்குள் படுக்க வைத்துவிட்டேன். இப்படித்தான் ஐந்து வருடம் இன்னும் தராசடியில் நின்றேன். ஹாஜியார் மவுத்தாகி அடக்கம் முடிந்த பிறகு மகன்மார் நடத்தினார்கள். டிஜிட்டல் தராசு வந்தது. எனக்கும் முழங்கால் போயிற்று. ஒரு நாள் விலகி வந்துவிட்டேன்.

பிள்ளைகள் வந்து போன பிறகு நாலு நாள் எழுதக் கொப்பியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். ஐந்தாம் நாள் கதிரவெளி பஸ்ஸில் ஏறினேன்.

பாசிக்குடாவுக்குத் திரும்புகிற சந்தி தாண்டி, ஓட்டமாவடி தாண்டிப் பஸ் போகப் போக, இறங்கித் திரும்பிவிடலாமா என்று இருந்தது. அவர் இருக்கிறாரோ இல்லையோ என்றும் தெரியாது. இறங்கி விசாரித்தேன். இருந்தார். கடல் பார்த்த வீடு. முற்றத்தில் வேம்புக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்தார். மெலிந்திருந்தார். கண் இரண்டும் பால் போட்ட மாதிரி இருந்தன.

“ஆரு?”

“யோகம். புளியந்தீவு. ஸ்டோரில நிண்ட யோகம்.”

முகத்தை என் குரல் வந்த பக்கம் திருப்பினார். பிறகு பக்கத்தைத் தட்டி, “இருங்க” என்றார். கதிரை இல்லை. நான் வேம்பு வேரில் இருந்தேன். மகள் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “அப்பாவப் பாக்க அந்தப் பக்கத்தில இருந்து ஒருத்தரும் வாறல்ல. நீங்கதான் முதல்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

நான் சுற்றி வளைக்கவில்லை. வளைத்தால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

“அண்ணன், நடந்தத எழுதிக் கதைக்கப் போறன், முதல்ல உங்களுக்குச் சொல்லோணும். அந்தத் திங்கக்கிழமை விடிய நீங்க வந்து கேட்டீங்க. அப்பிடி ஒண்டும் வரல்ல எண்டு சொன்னன். அது பொய். எனக்குத் தெரியும். நான்தான் கயிறு அறுத்தன்.”

“ஓம்” என்றார் அவர்.

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைத் தேடி எடுத்து ஒரு மிடறு குடித்தார்.

“எனக்குத் தெரியும் தம்பி.”

“எப்ப இருந்து?”

“அண்டைக்கே. உங்கட வேலியோரமா வரக்குள்ள காலில கயிறு சிக்கிச்சு. எடுத்துத் தடவிப் பாத்தன். முடிச்சு என்ட முடிச்சு. அத அங்கயே போட்டுட்டுத்தான் வந்து கேட்டன்.”

“மறுகா ஏன் அண்ணன் ஒண்டும் சொல்லாமப் போனீங்க?”

“என்னத்தச் சொல்ல? என்ட போத்தில் எண்டா, சாமித்தம்பிக்கு என்னத்துக்கு மிதப்பு எண்டு கேப்பீங்க. அதுக்கு நான் என்ன சொல்லுற?”

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லத்தான் பஸ் ஏறினேன். அதைச் சொல்லக்கூட வெட்கமாக இருந்தது.

“திங்கக்கிழமை தண்ணி நிண்ட தண்ணிதானே” என்றார் அவர், கடல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு. “அந்தப் புள்ளயும் நீங்களும் வந்து இடத்தக் காட்டியிருந்தா, நான் தடவித் தடவி இருபத்திரண்டையும் எடுத்திருப்பன். முகத்துவார வாய் வெட்ட முந்தி எடுத்திருக்கலாம்.”

“ஓம் அண்ணன்.”

“இப்ப எழுதுங்க, கதைங்க, உங்கட விருப்பம். கண் கதையும் சொல்லலாம். இனி அத ஒளிச்சி என்ன காண?”

நான் எழும்பினேன். அவர் என் கையைப் பிடிக்கத் தேடினார். கொடுத்தேன்.

“நீங்க நல்ல மனுசன், வருவீங்க எண்டுதான் நினைச்சன். திங்களும் செவ்வாயும் ஆத்துக்கும் போகல்ல, மழைக்குள்ள வாசல்லயே இருந்தன். ஒழுங்கையில ஆர்ர காலடி கேட்டாலும் நீங்க எண்டு நினைச்சன்.”

ஸ்டோருக்கும் அவர் வீட்டுக்கும் இடையில் ஆறு வீடுகள்தான். அவர் வந்து போன பிறகு அந்த இரண்டு நாளும் மழைக்குப் பயந்து ஸ்டோருக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. நானும் கதைக்க ஆளில்லாமல், ஒழுங்கையைப் பார்த்துக்கொண்டு அங்கேதான் இருந்தேன்.